கத்திரி வெயிலுக்குக் கெட்டி ஆயில் வேண்டுமா?

வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. சென்னை 2003 மே கடைசியில் 45 டிகிரி வரை பார்த்துவிட்டது. அக்னி நட்சத்திரம் நெருங்கினாலே ஸ்பேர்ஸ் கடைகளிலும் ஒர்க்‌ஷாப்களிலும் ஒரே யோசனைதான் காதில் விழும்: “வெயில் காலம் சார், 20டபிள்யூ-50 ஊத்திக்குங்க, எஞ்சினுக்குப் பாதுகாப்பு.” அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்து யோசனை இது. அந்த எஞ்சின்களுக்கு அது பொருந்தியது. இன்று ரோட்டில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது. சிலவற்றுக்கு நேரடியாகவே கெடுதல்.

வெயிலுக்கு ஏற்ற ஆயில் எது என்று கேட்டால் என் பதில் இதுதான்: உங்கள் காரின் மேனுவல் அனுமதிக்கும் கிரேடுகளுக்குள், சூட்டில் சீக்கிரம் கெடாத ஒன்று. அதையும் வழக்கத்தைவிட முன்னதாக மாற்ற வேண்டும். கெட்டியாக இருக்கிறதா என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான்.

டப்பாவில் இருக்கும் எண்கள்

5டபிள்யூ-30 என்று எழுதியிருந்தால், டபிள்யூ-வுக்கு முன்னால் இருக்கும் 5 குளிரில் ஆயில் எவ்வளவு இளகலாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. ஆயில் கிரேடுகளை வரையறுக்கும் எஸ்ஏஇ ஜே300 தரத்தில் 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 10டபிள்யூ-வை மைனஸ் 25-லும், 15டபிள்யூ-வை மைனஸ் 20-லும், 20டபிள்யூ-வை மைனஸ் 15-லும் வைத்து, எஞ்சினைச் சுழற்ற முடிகிற அளவில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஜனவரி விடியற்காலையில் உறைபனி விழும் ஊட்டியில்கூட அந்தக் குளிர் கிடையாது. ஆக, ஸ்டார்ட் ஆகுமா ஆகாதா என்ற கேள்வியே தமிழ்நாட்டில் எழாது.

அதற்காக முதல் எண்ணைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பிராண்டுக்குப் பிராண்டு சற்று மாறினாலும், 0டபிள்யூ-20 ஆயிலின் பாகுத்தன்மை 40 டிகிரியில் ஏறக்குறைய 44 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு; எண் கூடினால் ஆயில் கெட்டி) இருக்கும். 5டபிள்யூ-30 சுமார் 62. 20டபிள்யூ-50 சுமார் 165. அதாவது, மே மாத மதியத்தில் வெயிலில் நின்ற காரை எடுக்கும்போதுகூட 20டபிள்யூ-50, மெல்லிய ஆயிலைப்போல மூன்று நான்கு மடங்கு கெட்டி. ராத்திரி முழுக்க நின்ற காரில் ஆயில், எஞ்சினின் அடியில் இருக்கும் தொட்டியான சம்ப்புக்கு வடிந்திருக்கும். அதை பம்ப் இழுத்து, ஃபில்டர் வழியாகத் தள்ளி, கேம்ஷாஃப்ட் வரை மேலே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் நடக்கும் தேய்மானத்துக்கு வெளியே 45 டிகிரி இருந்தாலும் விலக்கு இல்லை.

இரண்டாவது எண்தான் சூட்டுக்கு உரியது. 100 டிகிரியில் 20 என்ற கிரேடு 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்குக்குள் இருக்க வேண்டும். 30 என்றால் 9.3 முதல் 12.5, 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9. வியாபாரத்தில் பேசப்படுவது இவ்வளவுதான். ஆனால் வெயில் ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டிய எண் இன்னொன்று இருக்கிறது. அது டப்பாவின் முன்பக்கத்தில் இருக்காது. எச்டிஎச்எஸ் என்பார்கள்: 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் நசுங்குவதுபோல ஆயிலை வேகமாக அறுத்துப் பார்க்கும்போது மிஞ்சுகிற பாகுத்தன்மை. கிராங்க் பேரிங்கையும் பிஸ்டன் ரிங்கையும் காப்பாற்றுவது இதுதான். 20 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.6 (இதன் அலகு மில்லிபாஸ்கல்-நொடி), 30-க்கு 2.9, 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 ஆகியவற்றுக்கு 3.5, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 ஆகியவற்றுக்கு 3.7.

இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 5டபிள்யூ-30 என்று எழுதிய இரண்டு டப்பாக்கள் ஒரே ஆயில் இல்லை. பின்பக்கம் ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர்களின் தரமான ஏசிஇஏ-வில் சி2 அல்லது ஏ5/பி5 என்றிருந்தால் அதன் எச்டிஎச்எஸ் 2.9-லிருந்து தொடங்குவது. ஏசிஇஏ சி3 அல்லது ஏ3/பி4 என்றிருந்தால் 3.5-க்குக் குறையக் கூடாது. எண் ஒன்றுதான், சூட்டில் பேரிங்குக்குக் கிடைக்கும் படலம் வேறு. உங்கள் மேனுவல் 5டபிள்யூ-30 என்று சொல்லி, சி3-யையும் அனுமதித்தால், கிரேடை மாற்றாமலேயே வெயிலுக்குக் கூடுதல் பலம் கிடைத்துவிடுகிறது. எச்டிஎச்எஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் டெக்னிக்கல் டேட்டா ஷீட்டில் தேடிப் பாருங்கள். அதே தாளில் நோவாக் என்று இன்னொரு எண் இருக்கும். 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்பது அது. அமெரிக்க பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ-யின் எஸ்பி தரத்துக்கு 15 சதவீதம் வரை போகலாம். நல்ல சிந்தெடிக் ஆயில்கள் 10-ஐ ஒட்டியே நிற்கும். சூடான ஊரில் நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம் உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் தெரியும். ஆவியானது போக மிஞ்சுவது கெட்டியாகவும் ஆகிறது.

வெயில் ஆயிலை என்ன செய்கிறது

வெளியே 25 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு ஏறினால் எஞ்சினுக்குள் ஆயிலும் 17 டிகிரி ஏறிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. எஞ்சினின் சூட்டைக் கட்டிப்போடுவது கூலன்ட். தெர்மோஸ்டாட் 80-களில் திறக்கும். ஃபேன் 90-களில் ஓடத் தொடங்கும். ஊட்டியானாலும் வேலூரானாலும் கூலன்ட் அந்த எல்லைக்குள்தான் சுற்றிவரும். ஆயில் அதைவிடச் சற்று மேலே, சாதாரண ஓட்டத்தில் 90 முதல் 110 டிகிரி வரை இருக்கும். சம்ப்பின் அடியில் அடிக்கும் காற்று சூடாக இருப்பதால் ஓரளவு ஏறத்தான் செய்யும். ஆனால் ஆயிலை 120, 130-க்குக் கொண்டுபோவது பெரும்பாலும் வெயில் தனியாக இல்லை. வெயிலோடு சேரும் பாரம். ஐந்து பேர், டிக்கி நிறைய லக்கேஜ், ஏசி முழு வேகத்தில், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறுவது. ஆர்பிஎம் அதிகம், காரின் வேகம் குறைவு, ரேடியேட்டரில் காற்று குறைவு. அல்லது மதியம் இரண்டு மணிக்குக் கிருஷ்ணகிரி தாண்டி 110-ல் மணிக்கணக்காகப் பிடித்துக்கொண்டு போவது.

100 டிகிரியில் 10.5 சென்டிஸ்டோக் இருக்கும் ஒரு 5டபிள்யூ-30 ஆயில், 120 டிகிரியில் 7 வரை இறங்கிவிடும். இது பயப்பட வேண்டிய எண் இல்லை. எஞ்சினை வடிவமைத்தவர்கள் இதையும் இதற்கு மேலேயும் கணக்கில் வைத்துத்தான் கிரேடைக் குறித்திருக்கிறார்கள். ரேடியேட்டர் அடைத்திருந்தால், ஃபேன் சரியாக ஓடாவிட்டால், கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் கணக்கு உடையும். அந்தக் காருக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது மாதிரி. முதலில் ரேடியேட்டரின் முன்பக்கத் தகடுகளில் ஒட்டியிருக்கும் பூச்சி, தூசியைத் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். அழுத்தம் குறைவாக, உள்ளிருந்து வெளியே. கூலன்ட் கலந்து விற்பதாக இருந்தால் அப்படியே ஊற்றுங்கள். அடர்கரைசலாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டரோடு அதன் டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள்.

வெயில் ஆயிலுக்குச் செய்யும் பெரிய கெடுதல் மெதுவாக நடப்பது: ஆக்சிடேஷன். சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயில் கெட்டுப்போகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஆக்சிஜனோடு சேர்ந்து அமிலம் உண்டாகும். அதைச் சமன்செய்ய வைத்த காரப்பொருள் தீரும். பிறகு பழுப்பு வார்னிஷ், அதற்குப் பிறகு வால்வு கவருக்குள் தார்போல ஸ்லட்ஜ். ஸ்லட்ஜ் சம்ப்பில் இருக்கும் பிக்கப் வலையை அடைத்தால் ஆயில் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பம்புக்கு வராது.

இதோடு சேரும் இன்னொன்று நகர நெரிசல். பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும். சராசரி 60 கி.மீ. வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு அந்த 10,000 கி.மீ. என்பது சுமார் 167 மணி நேர எஞ்சின் ஓட்டம். கிண்டியிலிருந்து ஓஎம்ஆர் வரை தினமும் சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துபோகும் காருக்கு அதே 10,000 கி.மீ. 500 மணி நேரம். ஓடோமீட்டர் ஒன்றுதான், ஆயில் பட்ட பாடு மூன்று மடங்கு. சிக்னலில் ஏசி போட்டு நிற்கும் நேரமெல்லாம் கிலோமீட்டரில் ஏறுவதே இல்லை.

மேனுவலில் ‘கடுமையான பயன்பாடு’ என்ற தலைப்பில் ஒரு தனி அட்டவணை இருக்கும். அதிக வெப்பம், தூசி, நீண்ட நேர ஐட்லிங், குறைந்த தூரப் பயணங்கள், மலைப்பாதை என்று அதில் வரிசையாகச் சொல்லியிருப்பார்கள். படித்துப் பார்த்தால் தமிழ்நாட்டு நகரங்களில் ஓடும் கார்களில் பாதிக்கு மேல் அந்த அட்டவணைக்குள்தான் வரும். அதில் சொல்லியிருக்கும் இடைவெளியைப் பின்பற்றுங்கள். பொதுவாக வழக்கத்தில் பாதி. சென்னை நெரிசலில் மட்டுமே ஓடும் பெட்ரோல் காருக்கு 5,000 முதல் 7,000 கி.மீ. அல்லது ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வது என் கணிப்பில் செலவே இல்லை. கெட்டி ஆயில் வாங்கும் யோசனையைவிட இந்த ஒரு பழக்கம் எஞ்சினுக்கு அதிகம் செய்யும்.

மெல்லிய ஆயில் மேல் வரும் சந்தேகம்

“0டபிள்யூ-20 எல்லாம் மைலேஜ் காட்டுறதுக்காக கம்பெனி செய்ற வேலை” என்பார்கள். பாதி உண்மை. இந்தியாவில் கார் நிறுவனங்களுக்கான எரிபொருள் சிக்கன விதிகள் 2017-ல் வந்தன, 2022-ல் இறுகின. மெல்லிய ஆயிலுக்கு அது ஒரு காரணம். மறுபாதியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்த எஞ்சினை அந்த ஆயிலுக்காகவே கட்டியிருக்கிறார்கள். பேரிங் இடைவெளி, ஆயில் பம்பின் கொள்ளளவு, கேம் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பின் சிறுதுளைகள், டைமிங் செயின் டென்ஷனர் எல்லாம் மெல்லிய ஆயில் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்ற கணக்கில் அமைந்தவை.

அதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் என்ன ஆகும்? பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினால் நல்லதுதானே என்று தோன்றும். பம்பில் ரிலீஃப் வால்வு இருக்கிறது. பிரஷர் எல்லை தாண்டினால் அது திறந்து, போக வேண்டிய ஆயிலின் ஒரு பகுதியைத் திரும்ப சம்ப்புக்கே அனுப்பிவிடும். மேலே போய்ச் சேரும் ஆயில் குறையும். பேரிங் குளிர்வது ஆயில் ஓடுவதால்தான். ஓட்டம் குறைந்தால் பேரிங்கே அதிகம் சுடும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் செயின் சலசலக்கும். விவிடி கட்டளைக்குத் தாமதமாக நகரும், சில கார்களில் செக் எஞ்சின் விளக்கு எரியும். இது எல்லாமே ஆயிலை மாற்றினால் சரியாகிவிடுகிற தொந்தரவுகள்தான், ஆனால் ஆறு மாதம் அப்படியே ஓட்டினால் தேய்ந்தது திரும்பாது.

இதில் இன்னும் கவனம் வேண்டிய ஒரு வகை இருக்கிறது. மறைமலை நகர் ஆலையில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1.0 ஈகோபூஸ்ட் எஞ்சினில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. அதற்கு ஃபோர்டு சொன்னது 5டபிள்யூ-20, அதுவும் டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்ற தரம் பெற்றது. பொருந்தாத ஆயிலும், காலம் கடந்து பெட்ரோல் கலந்துபோன ஆயிலும் அந்த ரப்பர் பெல்ட்டை ஊறவைத்து உதிர்க்கும். உதிர்ந்த துகள் பிக்கப் வலையில் போய் அடைக்கும். ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்திவிட்டாலும் அந்தக் கார்கள் இன்னும் ஓடுகின்றன. பழைய கார் சந்தையில் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சரி, கெட்டி ஆயிலுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. பல மேனுவல்களில் ஒரே ஒரு கிரேடு இருக்காது; வெளி வெப்பநிலைக் கோடு போட்டு, எந்த வெப்பத்துக்கு எந்தெந்த கிரேடு என்று படம் வரைந்திருப்பார்கள். டொயோட்டா மேனுவல்களில், அதிவேகத்திலோ மிகுந்த பாரத்திலோ ஓட்டினால் கூடுதல் பாகுத்தன்மை உள்ள ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்று எழுதியே இருக்கிறார்கள். உங்கள் மேனுவலின் படத்தில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 இரண்டுக்கும் 40 டிகிரிக்கு மேல் கோடு நீண்டால், சித்திரை வைகாசியில் மலையும் நெடுஞ்சாலையுமாக ஓட்டுகிறவர் 5டபிள்யூ-30 எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. ஒரு படி மட்டும். படத்தில் இல்லாத கிரேடுக்குத் தாவ வேண்டாம். வாரண்டி காலத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

ஒரு லட்சம் கி.மீ. தாண்டி, ஆயில் குடிக்கத் தொடங்கிய பழைய எஞ்சின் வேறு கதை. 5டபிள்யூ-30 ஓடிய எஞ்சினில், மேனுவல் இடம் கொடுத்தால் 5டபிள்யூ-40-க்கு மாறுவது நியாயம். ரிங் வழியாகவும் வால்வு சீல் வழியாகவும் போகும் ஆயில் சற்றுக் குறையும். 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 எல்லாம் அவற்றைக் கேட்டுப் பிறந்த பழைய எஞ்சின்களுக்கே இருக்கட்டும்.

டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள டர்போ எஞ்சினில், குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை ஆழமாக அழுத்தினால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எல்எஸ்பிஐ என்று பெயர். ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் பகுதி உடைந்துபோகலாம். ஆயிலில் உள்ள கால்சியம் வகை டிடர்ஜென்ட் இதைத் தூண்டுகிறது என்று தெரிந்த பிறகுதான் 2018-ல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி தரங்கள் வந்தன. எஸ்பி-யில் டைமிங் செயின் தேய்மானத்துக்கும் சோதனை உண்டு. ஆகவே ஜிடிஐ, டிஎஸ்ஐ என்று பெயர் போட்டு வரும் இத்தகைய டர்போ காருக்கு எஸ்பி-க்குக் குறைந்து வாங்காதீர்கள். கடையில் மிச்சம் இருக்கும் பழைய எஸ்எம், எஸ்என் டப்பா மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மலையேறும்போது கியரைக் குறைத்து ஆர்பிஎம்மை ஏற்றிவைத்து ஓட்டுங்கள். நெடுஞ்சாலையிலிருந்து டீக்கடைக்கு இறங்கியவுடன் எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். டர்போ பேரிங்கில் நின்றுபோன ஆயில் கருகிப் படிவது அதனால் குறையும்.

டீசல்காரர்களுக்கு

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 வந்த பிறகு டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி சேர்ந்துவிட்டது. இதனால் ஆயில் தேர்வே மாறிப்போனது. ஆயிலில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் எரிந்தால் சாம்பல். டிபிஎஃப்-இல் சேரும் கரியை ரீஜெனரேஷன் என்ற சுயசுத்தம் எரித்துவிடும். சாம்பலை எரிக்க முடியாது, அது அங்கேயே தங்கி அடைக்கும். அதனால் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். ஏசிஇஏ சி3-யில் சாம்பல் 0.8 சதவீதத்துக்குள். லாரிகளுக்கான ஏபிஐ சிகே-4-இல் 1.0 சதவீதத்துக்குள். அதைவிடப் பழைய சிஐ-4-இல் அப்படி எல்லையே வைக்கவில்லை. பெட்ரோல் பங்கில் வரிசையாக அடுக்கியிருக்கும் 15டபிள்யூ-40 சிஐ-4 டப்பா பழைய இன்னோவாவுக்கும் பொலிரோவுக்கும் உழைத்த நல்ல ஆயில்தான். பிஎஸ்6 டிபிஎஃப் காருக்கு அது எதிரி.

இன்னொரு தொந்தரவு: டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்யும்போது கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். தினமும் நான்கைந்து கி.மீ. மட்டும் ஓடும் காரில் ரீஜெனரேஷன் பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும், ஒவ்வொரு முறையும் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும். ஏறினால் மகிழ வேண்டாம், அந்த ஆயில் நீர்த்துவிட்டது. மேக்ஸ் கோட்டைத் தாண்டியதும் கிலோமீட்டரைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பைபாஸில் சீரான வேகத்தில் ஓட்டிவந்தால் இது பெரும்பாலும் அடங்கும்.

டீசல் ஆயில் மாற்றிய சில கி.மீ.யிலேயே கறுத்துவிடும். கரியை உடம்பில் ஏந்திக்கொள்வது அதன் வேலை, கறுப்பு கெட்டதற்கு அடையாளம் இல்லை. விரலில் தேய்த்துப் பார்த்து ‘பிசுபிசுப்பு போச்சு’ என்று சொல்வதிலும் பொருள் இல்லை. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். தண்ணீரோ கூலன்டோ உள்ளே வந்திருக்கிறது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

எவ்வளவு ஆயில் பிடிக்கும் என்பது மேனுவலில் ஃபில்டரோடு, ஃபில்டர் இல்லாமல் என்று இரண்டு எண்ணாக இருக்கும். சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக்குகளுக்கு 3 லிட்டரை ஒட்டி வரும், 3.5 லிட்டர் டப்பா வாங்கினால் மிச்சம் உங்களுடையது, டாப்-அப்புக்கு வீட்டுக்கு எடுத்துப்போங்கள். ஒர்க்‌ஷாப்பில் பேரலிலிருந்து ஊற்றுவதாக இருந்தால் பேரலின் மேல் இருக்கும் கிரேடையும் ஏபிஐ எழுத்துகளையும் பார்த்துவிட்டே சம்மதியுங்கள். பில்லில் “எஞ்சின் ஆயில்” என்று மட்டும் போடாமல் கிரேடையும் தரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிக்க வேண்டும். சுடச்சுட வேண்டாம், கை வெந்துவிடும். சமதரையில் நிறுத்தி, மேலே ஃபில்லர் மூடியைத் திறந்துவைத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றி, சொட்டுச் சொட்டாக ஆகும் வரை 15 நிமிடமாவது விடுங்கள். அவசரமாக மூடினால் பழைய ஆயில் உள்ளேயே தங்கி, புதியதையும் சேர்த்துக் கெடுக்கும். போல்ட்டின் வாஷர் ஒருமுறை நசுங்குவதற்காகச் செய்தது, புதிதாகப் போடுங்கள். பழையதையே போட்டுவிட்டு ஒழுகாமல் இருக்கக் கூடுதலாக முறுக்குவதால்தான் அலுமினிய சம்ப்பில் மரை போகிறது. ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயில் தடவி, அது உட்கார்ந்த பிறகு கையால் முக்கால் சுற்று. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்ற முடியாது. கழற்றிய பழைய ஃபில்டரின் ரப்பர் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள். இரண்டு ரப்பர் சேர்ந்தால் நெடுஞ்சாலையில் மொத்த ஆயிலும் சில நிமிடங்களில் வெளியே போய்விடும்.

ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். மலிவு ஃபில்டர்களில் எஞ்சின் நின்றதும் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு, சூட்டில் சீக்கிரம் விறைத்துப்போகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நொடி கடகட சத்தம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதை.

ஊற்றும்போது சொன்ன அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றி, அரை நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேக்ஸ் கோட்டுக்குச் சற்றுக் கீழே கொண்டுவாருங்கள். மினிமம், மேக்ஸ் கோடுகளுக்கு இடையே பல கார்களில் ஒரு லிட்டர் அளவுதான். வெயிலுக்கு நல்லது என்று மேக்ஸைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் ஆயிலில் அடித்து நுரையாக்கும். நுரை பேரிங்கைத் தாங்காது, சீல் வழியாகவும் கசியும். எஞ்சின் ஃப்ளஷ், பாட்டிலில் வரும் கூடுதல் ஆடிட்டிவ் இரண்டையும் சர்வீஸ் கவுன்டரில் விற்கப் பார்ப்பார்கள். தரம் பெற்ற ஆயிலில் வேண்டியது எல்லாம் அளந்து கலந்தே வருகிறது. ஸ்லட்ஜ் பிடித்த பழைய எஞ்சினில் ஃப்ளஷ் ஊற்றினால் படிந்தது மொத்தமாகப் பெயர்ந்து பிக்கப் வலையில் போய்ச் சேரும்.

வெயில் மாதங்களில் 1,000 கி.மீ.க்கு ஒருமுறை டிப்ஸ்டிக் பார்ப்பது போதும். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது. மினிமம் கோட்டுக்கு அருகில் ஓடும் காரில் குறைந்த ஆயிலே எல்லாச் சூட்டையும் சுமக்கிறது, அதனால் வேகமாகக் கெடுகிறது. வழியில் குறைந்துவிட்டது, அதே பிராண்டு கிடைக்கவில்லை என்றால் பக்கத்து கிரேடில் வேறு பிராண்டு ஊற்றலாம். ஏபிஐ உரிமம் பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவைதான். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அது அளவைச் சொல்வதில்லை, பிரஷர் போய்விட்டது என்கிறது. அடுத்த பங்க் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காமல் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, போலி. எவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்தாலும் டப்பாவுக்குள் வடிகட்டிய பழைய ஆயில் இருந்தால் எல்லாம் வீண். சர்வீஸ் சென்டர், எண்ணெய் நிறுவனங்களின் பங்க், அங்கீகாரம் பெற்ற டீலர் இவர்களிடம் வாங்குங்கள். மூடியின் வளையம், உள்ளே இருக்கும் ஃபாயில் சீல், க்யூஆர் கோடு, அச்சடித்த பேட்ச் எண் நான்கையும் பாருங்கள். உங்கள் கண்ணெதிரே உடைக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவை அப்படியே காயலான் கடைக்குப் போட்டால் அதே டப்பா மறுபடி நிரம்பி வரும். மூடியை வெட்டி, அடியில் ஸ்க்ரூடிரைவரால் இரண்டு ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள். வடித்த ஆயில் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், வீட்டில் மாற்றினால் பழைய டப்பாவில் அடைத்து, முறையான மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுங்கள்.